அத்தைக்கு வந்த மறதி

மார்ச் 3, செவ்வாய்

கிளினிக்கில் நல்ல கூட்டம். பாதிப் பேருக்குச் சளி, மீதிப் பேருக்குச் சளி வந்துவிடுமோ என்ற பயம். காதுவலிக் குழந்தை ஒன்று என் விரலைக் கடித்துவிட்டது. கணுக்கால் பிசகி வந்த ஒருவர், எலும்பு முறியவில்லை என்றதும் ஏமாந்துபோனார். ஆபீசில் ஒரு மாதம் லீவு சொல்லிவிட்டாராம்!

வீட்டுக்கு வந்தால் அத்தை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஊருக்கெல்லாம் மருந்து எழுதுறியே, உன் மூஞ்சியைக் கண்ணாடியில பாத்தியா?" கல்யாணமான நாளிலிருந்து என் மாமியார் என்னைப் பாராட்டி நான் கேட்டதில்லை. முட்டிவலியோடு அடிக்கடி பாத்ரூமுக்கு எழுந்திருக்க முடியவில்லை என்று தண்ணீரைக் குறைத்துவிட்டாராம். திட்டினேன். திருப்பித் திட்டினார்.

மார்ச் 7, சனி

அடுப்பில் வெறும் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்துவிட்டார் அத்தை. யாருக்குத்தான் நடக்காது.

மார்ச் 9, திங்கள்

நடக்கும்தான், ஆனால் இப்படியா? காலையில் தன் மகனைப் பார்த்து — அதாவது என் வீட்டுக்காரரை — "ஸ்கூலுக்கு நேரமாச்சு, பை எங்கடா?" என்றார். இவருக்கு நாற்பத்தாறு வயது. விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம் அலமாரித் துணியையெல்லாம் கட்டிலில் கொட்டிவைத்துக்கொண்டு, யாரோ வீட்டைக் காலிபண்ணச் சொல்கிறார்கள் என்று அழுதார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நாத்தனார் போனில் பேசினார். "மறதி நோய்தான். என் ஃப்ரெண்டோட அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நீங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. நல்ல முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு, விசாரிக்கட்டுமா?" இவர் போனை வைத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விட்டார்.

நான் நரம்பு டாக்டரிடம் அடுத்த மாதத்துக்குத் தேதி வாங்கினேன். அத்தையிடம் என்ன கிழமை, என்ன மாதம் என்று பரீட்சை வைத்தேன். என்னை வம்புக்கு இழுக்கும் அந்த வாய் பதில் தேடித் தேடித் தடுமாறியது. போதும் அத்தை, விடுங்க என்றேன். இந்த மனுஷி இப்படியே கரைஞ்சு போயிடுவாங்களா? இனிமே என்னை யாரு திட்டுவா?

மார்ச் 11, புதன்

எனக்கெல்லாம் எவன் டிகிரி கொடுத்தான்?

மத்தியானம் ஒருவர் தன் அப்பாவைக் கூட்டிவந்தார். நாலு நாளாக வேறு ஆள் மாதிரி பேசுகிறாராம். "வயசாயிடுச்சுல்ல டாக்டர்" என்றார். பிடித்துக்கொண்டேன் நான். "வயசானா ஒரே வாரத்துல இப்படி ஆகாதுங்க. திடீர்னு குழம்பினா உடம்புல வேற ஏதோ கோளாறுன்னு அர்த்தம். முதல்ல யூரின் பாக்கணும், சுகர் பாக்கணும். இத்தனை நாள் வீட்டுல வெச்சுக்கிட்டு என்ன பண்ணீங்க?"

சிஸ்டர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். காலையில்தான் அவரிடம் அத்தையைப் பற்றிப் புலம்பித் தீர்த்திருந்தேன். தினமும் அடுத்தவருக்குச் சொல்கிற பாடம், சொந்த வீட்டில் ஏன் ஞாபகம் வரவில்லை?

உடனே இவருக்கு போன். அத்தையோடு வந்து சேர்ந்தார். வீட்டு ஆளை நாமே பார்க்கக் கூடாது என்பது எங்கள் கிளினிக் வழக்கம், அதனால் என்னோடு வேலை பார்க்கும் சிடுமூஞ்சி டாக்டர் பார்த்தார். காய்ச்சல் இல்லை. யூரின் போகும்போது எரிச்சல் என்று அத்தை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் யூரினில் கிருமித் தொற்று, உடம்பில் நீர்ச்சத்தும் குறைவு; குழப்பத்துக்குக் காரணம் அதுதான். டிரிப்ஸ் ஏற்றி, மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

"பழையபடி ஆயிடுவாங்களா?" என்று எந்த நோயாளியின் மருமகளும் கேட்பதுபோல் கேட்டேன்.

"பெரும்பாலும் ஆயிடுவாங்க. முழுசா திரும்புமான்னு இப்போ சொல்ல முடியாது. உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அதனால்தான் பயமாக இருக்கிறது.

மார்ச் 12, வியாழன்

லீவு போட்டேன். தண்ணீர் கொடுத்தால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறார். மாற்றமே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

இன்று என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டார். கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

"பயப்படாதடி. என் மருமக இப்போ வந்துடுவா. அவ வந்துட்டா எல்லாம் சரியாயிடும். தங்கம்டி அவ."

பிறகு வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, என் காதருகில் வந்து, "அவகிட்ட சொல்லித் தொலைச்சிடாத. தலைக்கு ஏறிடும்."

"சொல்ல மாட்டேன்க்கா."

வேறு என்ன சொல்வது? தம்ளரை நீட்டினேன். தங்கை கொடுத்ததால் மடமடவென்று குடித்தார். அப்புறம் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

மார்ச் 14, சனி

அத்தை இவரை இன்று ஸ்கூலுக்குக் கிளம்பச் சொல்லவில்லை.

மார்ச் 17, செவ்வாய்

காலையிலேயே வீடு இரண்டுபட்டது. "நல்லாத்தானே இருக்கேன், இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று அத்தை கத்த, முழுசா முடிச்சே ஆகணும் என்று நான் கத்த, இவர் சிரித்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அடுத்து, மகளுக்கு போன் போட்டார் அத்தை. "முதியோர் இல்லம் பாக்குறியாமே? யாருக்கு, உனக்கா?"

மத்தியானம் நாங்கள் இருவர் மட்டும். துணி மடித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"உடம்பு சரியில்லாதப்ப ஏதாவது உளறினேனா?"

"ஏதோ கொஞ்சம்."

"உன்னைப் பத்தியா?"

"ஆமா அத்தை. திட்டித் தீர்த்துட்டீங்க."

அத்தை முகத்தில் அப்படியொரு நிம்மதி.

"அப்போ புத்தி தெளிவாத்தான் இருந்திருக்கு" என்றார்.