ரதியின் கைவிரல்கள்

புரட்டாதி 4, ஞாயிறு

சோளகக் காற்று இன்னும் அடங்கவில்லை. முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் முழுக்கப் புழுதி. இரண்டு தரம் புடைத்தேன். தங்கச்சி ரதி போய் இன்றைக்கு இருபத்திரண்டாம் நாள். மார்பில் புற்றுநோய். வயது நாற்பத்தைந்துதான்.

பின்னேரம் அயல்வீட்டு மணி அக்கா வந்தார். போனில் ஒரு வீடியோ. சுட்டுவிரல் மோதிரவிரலைவிட நீளம் என்றால் அந்த நோய் வரக்கூடுமாம். இருந்த பெண்கள் எல்லோரும் கையை விரித்துப் பார்த்தார்கள்.

"மணியக்கா, உங்கடை விரல் எல்லாம் ஒரே கட்டை. ஒரு நோய் வருத்தமும் கிட்ட வராது," என்றாள் ஒருத்தி.

"வந்தாலும் நான் கதைச்சே கலைச்சுப்போடுவன்."

சிரித்தார்கள். நானும். செத்த வீட்டில். பிறகு வெட்கமாகப் போனது.

ரதியின் மகள் துஷாவும் கையை நீட்டினாள். வயது இருபத்து நாலு, புடவைக்கடையில் வேலை. தகப்பன் முன்னமே இல்லை, இனி எங்களோடுதான். அவளுக்கு மோதிரவிரல் நல்ல நீளம். "பெரியம்மா, நான் தப்பீட்டன்."

புரட்டாதி 5, திங்கள்

ரதியின் விரல் எப்படி? யோசித்து யோசித்து, வரவில்லை. படங்களை எடுத்துப் பார்த்தேன். கலியாணப் படத்தில் கை மாலைக்குள். துஷா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுப் படத்தில் தட்டத்துக்குக் கீழே. அடையாள அட்டையில் முகம் மட்டும்.

குளிப்பாட்டிய பிறகு அவளின் இரண்டு கைப் பெருவிரலையும் சேர்த்துக் கட்டியது நான். முடிச்சு நழுவி இரண்டாம் தரமும் கட்டினேன். அவ்வளவு நேரம் அந்தக் கை என் கைக்குள். பெருவிரலை மட்டும் பார்த்திருக்கிறேன்.

எத்தனை வருஷம் ஒரே பாத்தியில் குந்தியிருந்து வெங்காயம் நட்ட கை.

மத்தியானம் சோறு குழைந்துவிட்டது.

புரட்டாதி 6, செவ்வாய்

கா. 10 மணி. எங்கள் பகுதி மருத்துவமாது வழமைபோல வீடு பார்க்க வந்தார். வீடியோவைப் பற்றிக் கேட்டேன்.

"உந்த விரலைப் பாத்து ஒருத்தருக்கும் சொல்லேலாது, அக்கா. ஆராய்ச்சி செய்யிற ஆக்கள் ஏதும் தொடர்பு இருக்கோ எண்டு பாக்கினம், அவ்வளவுதான். தாய்க்கு இந்த வயசிலை வந்ததெல்லே, அதை யோசியுங்கோ. வியாழன் மார்பு பாக்கிற கிளினிக்குக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

துஷா வேலையால் வந்ததும் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டினாள்.

"எனக்குத்தான் மோதிரவிரல் நீளமெல்லே. பிறகென்னத்துக்கு? செத்தவீட்டுத் துடக்கோடை ஒரு இடமும் போகக் கூடாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"நான் கோயிலுக்கெல்லோ சொன்னனான்."

"ஆசுப்பத்திரி மட்டும் போகலாமோ? நல்ல சட்டம்."

ரதியும் இப்படித்தான். கட்டி தெரிந்த பிறகும், கோயில் தேர் முடியட்டும் என்றாள். பிறகு வெங்காயம் கிண்டி முடியட்டும் என்றாள். நானும் ஓம் என்றேன். இரண்டு தரமும்.

புரட்டாதி 7, புதன்

முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக்கு: பச்சையரிசி, எள்ளு, வாழையிலை, ஐயருக்கு வேட்டி, குடை. செருப்பு என் மனுசன் வாங்கி வந்துவிட்டார், அளவு பெரிது.

பின்னேரம் துஷா விறாந்தையில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன்.

"அம்மாவுக்கும் உன்னைப் போலத்தான். மோதிரவிரல்தான் நீளம்."

"உண்மையே?"

"ஓம்."

வாய் தானாகச் சொன்னது. அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப எதைப் பாத்துத்தான் தெரியும், பெரியம்மா?"

"எனக்குத் தெரியாது பிள்ளை. அதுக்குத்தான் போவம் எண்டுறன்."

மடித்தது பாதி, மடிக்காதது பாதி. அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பொய்தான் சொன்னேன். பொய்யோ என்றும் தெரியவில்லை.

புரட்டாதி 8, வியாழன்

காலமை சின்னத் தூறல். துஷா முழுகினாள், நல்ல சட்டை போட்டாள். போகப் போகிறாள் என்று நினைத்தேன். பிறகு அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். பஸ் ஒன்பதரைக்கு. கதவடியில் போய் இருந்தேன்.

"துஷா, நேரமாகுது."

"நான் வரேல்லை."

"ஏன் ராசாத்தி?"

"பாக்காட்டி இல்லையெண்டு இருக்கலாம். பாத்தால்?"

தட்டினேன். பிறகு உள்ளேயிருந்து அழுகையோடு:

"நீங்களும் அம்மாவோடை கூடப் பிறந்தனீங்கள்தானே. நீங்கள் ஒருக்காலும் கிளினிக்கிலை காட்டினீங்களோ? நீங்கள் முதல் காட்டுங்கோ, பிறகு நான் வாறன்."

செவ்வாய்க்கிழமை மருத்துவமாது என்னையும்தான் வரச் சொன்னார். அதை நான் இந்தக் கொப்பியில் எழுதவில்லை.

பஸ் வர இன்னும் இருபது நிமிஷம்.