ஞாயிற்றுக்கிழமை ஐந்து நாற்பது பஸ்

சென்ற சனிக்கிழமை காலை, நகரத்துக்கு வெளியே அஜக்ஸில் உள்ள எங்கள் வீட்டுச் சமையலறையில், வரலாற்றில் இடம்பெற வேண்டிய தீர்மானம் ஒன்று நிறைவேறியது. தக்காளி வடிவத்தில் உள்ள சிவப்பு நேரமணி என் எழுத்துமேசையிலிருந்து அகற்றப்பட்டு அடுப்புக்குப் பக்கத்தில் நிரந்தரமாக வைக்கப்படும். இனிமேல் அது முட்டை அவிப்பதற்கு மாத்திரமே பயன்படும். முன்மொழிந்தவர் என் மனைவி. வழிமொழிய ஆள் இருக்கவில்லை. நான் ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. இரண்டாவது கோப்பி குடித்து முடியும்வரை ஆட்சேபம் எதுவும் கிடைக்காதபடியால், தீர்மானம் நிறைவேறியதாகக் கருதப்பட்டது.

அது உம்முடைய தக்காளி, நண்பரே. மனைவி அதை மூன்று நிமிடத்துக்குத் திருகிவைத்தபோது எழுந்த கறகற சத்தத்தில் எனக்கு உம்முடைய பத்தாம் மாடி வீடு ஞாபகம் வந்தது. நகரத்தின் மல்வேர்ன் பகுதியில், தை மாதக் குளிரில், ஜன்னல் முழுக்க நீராவி படிந்திருந்த அந்தச் சமையலறை. நீர் பேச்சுப் பழகுவதற்காகக் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நேராக நிற்பீர். அதுதான் சபைத் தலைவர். கதவில் ஒட்டியிருந்த காந்தங்கள் உறுப்பினர்கள். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த உம்முடைய மனைவியும் தேத்தண்ணீருக்காக வந்திருந்த நானும் பொதுமக்கள். தக்காளி மணி அடித்ததும் நீர் வசனத்தின் நடுவில் நிறுத்திவிடுவீர். நகரசபையிலும் அப்படித்தான் நிறுத்துவார்கள் என்பீர்.

உமக்கு வேண்டியிருந்தது ஒரு பஸ். உம்முடைய கட்டடத்தடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் காலை எட்டு மணிக்கு வந்தது. பாண் தொழிற்சாலையில் உம்முடைய வேலை ஆறரைக்குத் தொடங்கியது. ஆகவே பெரிய தெருவுக்கு முக்கால் மணித்தியாலம் நடந்துபோய் அங்கே வேறு பஸ் பிடித்தீர். ஒரு கண் சரியாகத் தெரியாததால் உமக்குச் சாரதிப் பத்திரம் தர மறுத்துவிட்டார்கள். பிளாசாவில் நாங்கள் தேநீர் குடிக்கும் கடையில் இருந்த ஒருவர், இதற்குப் போய் நகரசபையோடு மல்லுக்கட்டுவானேன், மனைவியைக் கார் ஓடப் பழக்கலாமே என்று கேட்டார். நீர் கோபிக்கவில்லை.

"கார் வாங்கினா எனக்கு முடிஞ்சிடும், அண்ணை. என்னோடை நடக்கிற மற்ற மூண்டு பேருக்கும் முடியாது."

அந்த மூன்று பேரின் பெயரும் உமக்குத் தெரியாது. முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் பிலிப்பைன்ஸ் பெண் ஒருத்தி, காவலாளி உடுப்பில் ஒரு கயானாக்காரர், காதில் எதையோ செருகிக்கொண்டு நடக்கும் மாணவன் ஒருவன். பனியில் ஒருவர் கால்தடத்தில் மற்றவர் கால் வைத்து வரிசையாக நடப்பீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்.

நகரத்தின் வரவு செலவுத் திட்டம் எப்படி உருவாகிறது என்பதை உம்மிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன். இலையுதிர்காலத்தில் ஒவ்வொரு பிரிவும் தனக்கு எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுக்கும். அதிகாரிகள் அதில் வெட்டுவார்கள். தை மாதம் வரைவு வெளியாகும். வெளியான பிறகு மக்களின் கருத்தைக் கேட்பார்கள். இந்த ஒழுங்கில் ஏதோ முன்பின்னாக இருக்கிறதே என்று நான் கேட்டபோது, கலியாணத்திலும் தாலி கட்டி முடிந்த பிறகுதானே சாப்பாட்டைப் பற்றி ஆட்களிடம் கேட்கிறார்கள் என்றீர். நூலகத்துக் கணினியில் வரைவை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசித்த ஒரே மனிதர், எனக்குத் தெரிந்தவரையில், நீர்தான். அதில் சந்தேகம் இருந்தால் நகரசபை உறுப்பினர்களையே கேட்கலாம்.

முதல் வருடம் உம்மோடு நானும் வந்தேன். ஸ்காபரோ மண்டபத்தில் நடந்த கருத்துக் கேட்கும் கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம். உமக்கு முன் பேசிய பெண் நீச்சல் குளம் பற்றி ஆரம்பித்தாள், நீச்சல் குளம் பற்றி முடித்தாள். பிறகு உம்முடைய பெயரைக் கூப்பிட்டார்கள். நீர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தீர். ஊரில் சனசமூக நிலையத்தின் செயலாளராக இருந்தவர் அல்லவா? பேசியது ஆங்கிலம், ஒழுங்கு யாழ்ப்பாணத்து ஒழுங்கு. மாண்புமிகு தலைவர் அவர்களே, மதிப்புக்குரிய உறுப்பினர்களே, ஒலிபெருக்கிக்குப் பொறுப்பானவர் உட்பட உத்தியோகத்தர்களே, எனக்கு முன் நீச்சல் குளம் பற்றிச் சிறப்பாகப் பேசியமர்ந்த சகோதரி அவர்களே, சபையோரே. இந்த அரிய வாய்ப்பைத் தந்தமைக்கு நன்றி. தை பிறந்திருப்பதால் பொங்கல் வாழ்த்துகள். பொங்கல் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாமல் போய்விடுமோ என்று அதையும் விளக்கினீர். பானையில் பால் பொங்கி வழிந்த இடத்தில் நேரம் முடிந்து சிவப்பு விளக்கு எரிந்தது.

உறுப்பினர் ஒருவர் வாழ்த்துக்கு நன்றி சொன்னார். பஸ் பற்றி எவரும் எதுவும் சொல்லவில்லை. நீரும் சொல்லியிருக்கவில்லை.

அடுத்த வாரமே இதை என் பத்தியில் எழுதிவிட்டேன். வாரப் பத்திரிகையில் அந்தப் பத்தியை நகைச்சுவைக்காகத்தான் வாசித்தார்கள். அந்த வாரம் வழக்கத்தை விட அதிகம் சிரித்தார்கள். உம்முடைய பெயரை எழுதவில்லை. ஆனால் மல்வேர்னில் எல்லோருக்கும் ஆள் விளங்கிவிட்டது. தேநீர்க் கடையில் நீர் பத்திரிகையை விரித்து, கடைசி வரிவரை வாசித்து, நாலாக மடித்து என் பக்கம் தள்ளினீர்.

"நல்லா எழுதியிருக்கிறீர், ஐசே. ஆனா பஸ் எத்தினை மணிக்கு வேணும் எண்டு நீரும் எழுதேல்லை."

பத்தி எழுத்தில் எனக்குக் கிடைத்த விமரிசனங்களில் சரியானது அது ஒன்றுதான். அப்போது அதற்கும் சிரித்து வைத்தேன்.

அடுத்த வருடம் நீர் தக்காளி வாங்கினீர். விளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினீர். முதலில் ஒலிபெருக்கிக்காரர் போனார், பிறகு உத்தியோகத்தர்கள், பிறகு சபையோர். பொங்கலை விட மனம் வராமல் இரண்டு வருடம் வைத்திருந்தீர். நான்காம் வருடம் தலைவரும் போனார். கடைசியில் பேச்சு ஏழு வரியாகி, மருந்துக்கடைக்காரர் தந்த அட்டையொன்றின் பின்பக்கத்தில் அடங்கியது. மூன்று நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் சொல்லி, நான்கு பேரையும் சொல்லி, ஐந்து நாற்பது என்ற நேரத்தையும் சொல்லி, சிவப்பு விளக்கு எரிய முன் உட்காரக் கற்றுக்கொண்டீர். அந்த மண்டபத்தில் உம்மைப் போல் நேர்த்தியாகப் பேசியவர் யாருமில்லை. தலைவர் ஒவ்வொரு வருடமும் நன்றி சொல்லிவிட்டு, உறுப்பினர்களிடம் கேள்வி ஏதும் உண்டா என்று கேட்பார். இருக்காது. அடுத்தவரைக் கூப்பிடுவார்.

கேள்விதான் முக்கியம் என்று நீர் அடிக்கடி சொல்வீர். உறுப்பினர் ஒருவர் கேள்வி கேட்டால் மறுபடி நேரம் கிடைக்கும். அதோடு, கேட்ட கேள்வியை அவர் மறந்துவிட முடியாது. "கேள்வி கேட்டவனுக்குத்தான் கடமை வரும்" என்பீர். ஒன்பது வருடத்தில் உம்மை ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

பத்தாம் வருடம் நீர் ஆஸ்பத்திரியில் இருந்தீர். பேசுவதற்குப் பெயர் கொடுத்தாயிற்று. அட்டையை என் கையில் தந்து, ஏழு வரியையும் அப்படியே வாசிக்கச் சொன்னீர், உம்முடைய பகிடி ஒன்றும் வேண்டாம் என்றீர். நான் சத்தியம் செய்தேன்.

மண்டபத்தில் உம்முடைய பெயரைக் கூப்பிட்டார்கள். நான் எழுந்தேன். நான் நீர் இல்லை என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. நீர் ஏன் வரவில்லை என்பதைச் சொல்லவேண்டியிருந்தது. அஜக்ஸில் வீடு வாங்கிப் போய்விட்ட நான், இந்த நகரத்துக்கு வரி கட்டாத வெளியூர்க்காரன், ஏன் இங்கே நிற்கிறேன் என்பதையும் சொல்லவேண்டும் போலிருந்தது. பிறகு, இவர் ஒன்பது வருடமாக இதே இடத்தில் நின்றவர் என்று தொடங்கினேன். குளிர்சாதனப் பெட்டியைச் சொன்னேன். தக்காளியைச் சொன்னேன். பனியில் ஒருவர் கால்தடத்தில் மற்றவர் கால் வைப்பதைச் சொன்னேன். அட்டை கையில் அப்படியே இருந்தது. அதைப் பார்க்கக் குனிந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது.

தலைவர் நன்றி சொன்னார். கேள்வி உண்டா என்று கேட்டார். ஓரத்தில் இருந்த உறுப்பினர் ஒருவர் ஒலிபெருக்கியை இழுத்து, உங்கள் நண்பருக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார். அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து நாற்பதுக்கு ஒரு பஸ் என்றேன்.

அவ்வளவுதானா என்று கேட்டார். அவ்வளவுதான் என்றேன். அவர் எதையோ எழுதினார்.

ஆஸ்பத்திரிக்கு வந்து இதைச் சொன்னபோது நீர் சிரித்த சிரிப்பில் தாதி ஓடிவந்து மூக்குக் குழாயைச் சரிசெய்தாள்.

"ஒம்பது வருசம் நான் ஒழுங்காக் கதைச்சன், ஒரு நாயும் கேள்வி கேக்கேல்லை. நீர் உளறினீர், கேள்வி வந்திட்டுது."

மாசியில் மேயர் தன் திட்டத்தை முன்வைத்தார். போக்குவரத்துப் பகுதியில் உம்முடைய தெருவின் பெயர் ஒரு வரியில் இருந்தது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து வாசித்துக் காட்டினேன். திரும்பவும் வாசிக்கச் சொன்னீர். பங்குனியில் நீர் போய்விட்டீர். பஸ் புரட்டாதியில் ஓடத் தொடங்கியது. முதல் ஞாயிறு நான் அஜக்ஸிலிருந்து காரில் வந்து அந்தத் தரிப்பில் நின்று பார்த்தேன். சரியாக ஐந்து நாற்பத்தொன்று. மூன்று பேர் ஏறினார்கள். ஒருவரும் ஆரவாரம் செய்யவில்லை. பஸ் வருவது வழக்கம்தானே என்பது போல ஏறினார்கள்.

பிறகு உம்முடைய மனைவியும் அதில் ஏறத் தொடங்கினார். வாடகைக்காக, முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் ஞாயிறு வேலை எடுத்திருந்தார். பிலிப்பைன்ஸ் பெண்தான் பிடித்துக் கொடுத்தாள். அவளுடைய பெயர் இப்போது எங்களுக்குத் தெரியும். உம்முடைய மனைவி அவளுக்காகப் பக்கத்து இருக்கையில் பையை வைத்து இடம் பிடிப்பாராம். வெறும் பஸ்ஸில் இடம் பிடிப்பானேன் என்று கேட்டேன். பழக்கம் என்றார்.

இந்த வருட வரைவு வெளியானதும், உம்மிடமிருந்து வந்த தொற்றினால், போக்குவரத்துப் பகுதியை வாசித்தேன். 'பயன்பாடு குறைந்த நேரங்களில் சேவைச் சீரமைப்பு' என்று இருந்தது. கீழே தெருக்களின் பட்டியல், அதில் உம்முடைய தெருவும். சீரமைப்பு என்றால் என்ன என்று நீர் எனக்கு எப்போதோ சொல்லித் தந்திருக்கிறீர். "வெட்டுறதுக்கு இவங்கள் வைச்சிருக்கிற செல்லப்பேர்." உம்முடைய மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். அடுத்த நாள் பிளாசாவுக்கு வந்து, பழைய துவாயில் சுற்றிய தக்காளியை என்னிடம் தந்தார்.

"உது அவரின்ரை, அண்ணை. நீங்கள்தானே போய்க் கதைப்பியள்."

பேச வருபவர்கள் கூடிவிட்டதால், மக்களின் குரல் நன்றாகக் கேட்கவேண்டும் என்பதற்காக, இம்முறை நேரத்தை ஆளுக்கு இரண்டு நிமிடமாகக் குறைத்திருந்தார்கள். நான் மூன்று வாரம் பயிற்சி செய்தேன். எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டி என் பேச்சை உம்முடையதைவிட அதிக தடவை கேட்டிருக்கும். விளிப்பு இல்லை, பொங்கல் இல்லை, நான் யார் என்பதும் இல்லை. பஸ், நேரம், அதில் ஏறுபவர்கள், அவர்கள் போகும் இடம். நல்ல உரைநடை. முன்பு செய்தது போலவே உளறிவிட்டு, யாராவது கேள்வி கேட்கட்டும் என்று விடலாமோ என்ற எண்ணம் கடைசி நாள் காலையிலும் வந்தது. பேச்சுத் தாளை இரண்டு தடவை சட்டைப்பைக்குள் வைத்து இரண்டு தடவை எடுத்தேன். ஆனால் எழுதிவைத்த பேச்சு நன்றாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. நீர் என் இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர் என்று அப்போது நினைத்துப் பார்க்கவில்லை, பேச்சைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு விநாடி மிச்சம் வைத்து முடித்தேன். பொதுமக்கள் வரிசையில் உம்முடைய மனைவி மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் பிலிப்பைன்ஸ் பெண், வேலை உடுப்போடு. தலைவர், மிகவும் தெளிவாகப் பேசினீர்கள் என்றார். கேள்வி உண்டா என்று கேட்டார். இருக்கவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே வந்ததும் உம்முடைய மனைவி, வடிவாகக் கதைத்தீர்கள் என்றார். நான் அதை அங்கேயே நின்று கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. ஞாயிறுகளில் நானே வந்து ஏற்றிக்கொண்டுபோய் விடுகிறேன் என்றேன்.

"அஜக்ஸிலயிருந்து விடிய நாலு மணிக்கு எழும்பி வரப் போறியளே? ரெண்டு கிழமை வருவியள், அண்ணை. பிறகு எனக்கும் சங்கடம், உங்களுக்கும் சங்கடம்."

மேயர் வரைவை முன்வைத்த பிறகு, அதைத் திருத்த உறுப்பினர்களுக்குக் குறிப்பிட்ட நாட்கள் உண்டு. அதற்குள் ஒருவரும் திருத்தாத பகுதிக்கு வாக்கெடுப்பு தேவையில்லை, கை உயர்த்தவும் தேவையில்லை. நாட்கள் கழிந்ததும் அது நிறைவேறியதாகக் கருதப்படும். நீர் இருந்த காலத்தின் கடைசியில்தான் இந்த முறை வந்தது. உமக்கு அது பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லுகிறவனுடைய முகத்தையாவது பார்க்க வேண்டும் என்றீர். உம்முடைய தெருவின் பெயர் இருந்த வரியை ஒருவரும் தொடவில்லை.

தக்காளியை அடுப்படிக்குக் கொடுத்துவிட்டேன். அட்டையைக் கொடுக்கவில்லை. அது என் பணப்பையில், சாரதிப் பத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஏழு வரியும் உம்முடைய கையெழுத்தில். ஐந்தாம் வரியில் ஐந்து நாற்பது என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறீர்.

வைகாசியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் பஸ் காலை எட்டு மணிக்கு வருகிறது. உம்முடைய மனைவி ஐந்து மணிக்கு முன்பே வீட்டிலிருந்து இறங்கிப் பெரிய தெருவுக்கு நடக்கிறார்.