சதுப்பின் மேல் முதல் மிதி

ஹெம்மிரன்,
நவம்பர், ஞாயிறு மாலை

அன்புள்ள டோர்கெலுக்கு,

பக்கத்து வீட்டு பிர்கிட் அத்தை மின்னஞ்சலில் எழுதுகிறேன். சிலியில் சுரங்க வேலையும் உடம்பும் ஒழுங்காக இருக்கும் என்று நம்புகிறேன். இதைப் படித்ததும் உனக்கு என்மேல் கோபம் வரும். வரட்டும்.

சதுப்புப் பக்கம் போய்க் காணாமல் போன அப்பா கிடைக்கும்வரை சதுப்பின் மேல் பனிச்சறுக்குத் தடம் போடக் கூடாது என்று போனில் கேட்டுக்கொண்டாய். நம் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்தில் எல்லோரும் சரி என்றோம். நேற்று போட்டுவிட்டோம். வேறு யாராவது உன் காதில் போடுவதற்குள் நானே சொல்கிறேன்.

தேட வந்த நீ சிலிக்குத் திரும்பிப் போன பிறகும் நாங்கள் தேடுவதை விடவில்லை. அக்டோபரில் தடத்தில் விழுந்த மரங்களை அறுக்கப் போனோம். கையில் ரம்பம், கண்ணெல்லாம் புதரில். நம் சங்கத்துச் சிக்ஸ்டன் நீளக் கம்பு வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியாகக் குத்திப் பார்த்தான். வேலையின்போது அவன் வாய் ஓயாது, உனக்கே தெரியும். இந்த வருஷம் காப்பி குடிக்கும்போதுகூட அவன் கம்பைக் கீழே வைக்கவில்லை. அப்பா காட்டுப்பழம் பறிக்கக் கொண்டுபோய், போலீஸ் சதுப்போரத்தில் எடுத்த அந்த வாளிக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை.

பிறகு நிலம் உறைவதற்குள் பனி விழுந்துவிட்டது. பஞ்சுபோல் கிடக்கும் பனிக்கு அடியில் சதுப்பு கதகதப்பாகத்தான் இருக்கும். மிதித்து அழுத்தினால்தான் குளிர் உள்ளே இறங்கி நிலம் இறுகும், தடம் போடும் இயந்திரமும் ஏறும். இப்போது விட்டால் இந்தக் குளிர்காலத்துக்குத் தடமே கிடையாது. இறுகிவிட்டால், உள்ளே இருப்பது மே மாதம்வரை உள்ளேதான். அதை நினைத்துத்தான் தயங்கினோம். சங்கக் கொட்டகையில் உட்கார்ந்து, எண்ணெய் போட்ட இயந்திரத்துக்கே மறுபடி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தோம்.

நேற்று உன் அம்மா அங்கே வந்துவிட்டாள். காலில் உன் அப்பா எவர்ட்டின் அகலமான பனிச்செருப்பு. உள்ளே வந்ததும் வராததுமாக, "என்னடா சிக்ஸ்டன், தடம் போடுற சங்கமா இது, காப்பிக்கடையா? அவரு இருந்தா இந்நேரம் உங்களையெல்லாம் ஓட ஓட விரட்டியிருப்பாரு" என்றாள்.

சிக்ஸ்டன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான். "இல்ல குன்போர்க் அக்கா, டோர்கெல் வேணாம்னு சொல்லிட்டான்…" என்றான்.

"அவன் புள்ள, சொல்லுவான். நான் பொண்டாட்டிடா. அவரு கெடக்குற எடத்துல ஆள் நடமாட்டமே இல்லாம ஒரு குளிர்காலம் பூரா தனியா விட்டுவைக்க எனக்கு மனசு வரல. மேல பிள்ளைங்க போகட்டும், வரட்டும், சத்தம் போடட்டும்" என்றாள்.

யாரையும் எதிர்பார்க்காமல் அவளே போய் முதலில் சதுப்பில் இறங்கினாள். நான் நின்ற இடத்திலேயே அழுதேன். அவள் பின்னால் சிக்ஸ்டன் போனான், பிறகு நாங்கள் எல்லோரும். தோளோடு தோள் ஒட்டி வரிசையாக மிதித்தோம். நடுவில் உன் அம்மாவின் கால்தடத்தில் பழுப்புத் தண்ணீர் ஊறி வந்தது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு பக்கத்துப் பனியைத் தள்ளிப் போட்டு, அந்த இடம் வெள்ளையாகும்வரை திரும்பத் திரும்ப மிதித்தாள். யாரும் தடுக்கவில்லை.

திட்டுவதென்றால் என்னைத் திட்டு, சிக்ஸ்டனைத் திட்டு. அவளிடம் மட்டும் ஏன் என்று கேட்காதே. பனி உருகியதும் மறுபடி வரிசையாக இறங்கித் தேடுவோம், அது என் வாக்கு.

இன்னொன்று, இதை அவள் உனக்குச் சொல்ல மாட்டாள். இன்று காலை ஆராதனை முடிந்ததும் பாதிரியாரிடம் தனியாகப் பேசினாள். இத்தனை நாள் காணாமல் போனவருக்கான ஜெபத்தில் வாசித்த எவர்ட்டின் பெயரை, வருகிற ஞாயிறு இறந்தவர்களின் பெயர்களோடு வாசித்து, மணியும் அடிக்கச் சொல்லியிருக்கிறாள். அவள் பக்கத்தில் நிற்க நாங்கள் இருக்கிறோம். ஆனால் அது எங்கள் இடம் இல்லை, உன் இடம்.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். மணி அடிப்பதற்குள் வந்துவிடு, கண்ணா.

உன்,
பிர்கிட் அத்தை