சிலேட்டுக்குச்சி தின்றவளின் மகள்

12.7.94, செவ்வாய்

மகள் தாயிக்கு இன்று மாவுக்கட்டு பிரித்தார்கள். இடது கை வெளிறி, முருங்கைக்காய் மாதிரி இருக்கிறது. பதிமூன்று வயதுக்குள் இது இரண்டாவது முறிவு. மரத்தில் ஏறி விழுந்தாலாவது சொல்லலாம். வாசற்படி தடுக்கியதற்கே ஒடிந்துவிட்டது.

பார்க்க வந்த மாரியாத்தாள் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா, சும்மா போகவில்லை. "வகுத்துல பிள்ளைய வச்சுக்கிட்டுச் சிலேட்டுக்குச்சியாத் தின்னா, பிள்ளை குச்சியாட்டம் ஒடியத்தான செய்யும்!" சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவர் வைத்த பெயர்தானே இன்று பள்ளிக்கூடம் வரை போயிருக்கிறது. குச்சி.

தின்றது உண்மைதான். நான் மூன்றாம் வகுப்பு டீச்சர், மேசையில் பெட்டி பெட்டியாகக் குச்சி. மாசமாக இருந்தபோது நாளுக்கு நாலு குச்சியாவது போகும். தாயி எட்டாம் மாதமே வந்துவிட்டாள், ஒன்றே முக்கால் கிலோ. அன்றிலிருந்து அவளை வெயிலில் விட்டதில்லை, ஓட விட்டதில்லை.

இப்போது உயரம் தாண்டப் போகிறாளாம். விளையாட்டு டீச்சர் சுடலையம்மாள் இவள் கால் நீளத்தைப் பார்த்து ஆசை காட்டிவிட்டார். முடியவே முடியாது என்றுவிட்டேன்.

13.7.94

தாயி என்னோடு பேச்சில்லை. இட்லி மட்டும் ஆறு.

23.7.94, சனி

ராஜபாளையம் போய் எலும்பு டாக்டர் ஜெயபாயைப் பார்த்தோம். எத்தனாவது மாசம் பிறந்தாள், எடை என்ன, பால் குடிப்பாளா, விளையாடுவாளா என்று வரிசையாகக் கேள்வி. பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி பதில் சொன்னேன். தாயியை மாத்திரை வாங்க அனுப்பிவிட்டுக் குச்சி விஷயத்தைச் சொல்லும்போது அழுகை வந்துவிட்டது.

டாக்டர் சிரித்துவிட்டார். "டீச்சர், ஒங்க ஒடம்புல ரத்தம் கம்மியா இருந்திருக்கும். அதான் அதத் திங்கத் தோணியிருக்கு. அதுக்காகப் பிள்ளை எலும்பு குச்சியாயிருமா?"

குறைமாதத்தில், குறைந்த எடையில் பிறந்தால் எலும்பு கொஞ்சம் பின்தங்கித் தொடங்கலாமாம். "ஆனா இந்த வயசுலதான் அது கெட்டிப்படுது. நீங்க நிழல்ல பூட்டி வச்சிருக்கீக! பால் குடுங்க, கேப்பை குடுங்க, வெயில்ல விடுங்க. கை நல்லாச் சேர ரெண்டு மாசம் பொறுங்க. பொறவு குதிக்கட்டும். குதிச்சா எலும்புக்கு நல்லதுதான்."

பஸ்ஸில் தாயி கேட்டாள், "டாக்டர் என்னம்மா சொன்னாக?"

"குதிக்கக் கூடாதுன்னாக."

என் வாயா அது?

24.7.94

பால் என்றால் தாயி மூக்கைப் பொத்துவாள். இவர் அரைக்கிலோ பால்கோவாவோடு வந்து நிற்கிறார். "இதுவும் பால்தான, ஏட்டி பூரணம்! சுண்டுன பால். டாக்டரு சொன்னதுக்கு மேலயே இருக்கும்." மில்லில் ஃபிட்டர், எதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருப்பார். பாதியை அவரே தின்றார்.

6.8.94, சனி

தாயி கேப்பைக் கூழை மறுபேச்சில்லாமல் குடிக்கிறாள். "இதக் குடிச்சா அடுத்த வருசமாச்சும் டாக்டர் விடுவாகளாம்மா?" என்கிறாள். நான் இன்னொரு கரண்டி கூழை ஊற்றினேன்.

என்ன பொம்பளை நான்! பயமா இருக்கு, அம்புட்டுதான். இன்னொரு தடவ எலும்பு ஒடியுற சத்தத்தக் கேக்க என்னால ஏலாது. ஆனா பிள்ளைகிட்டப் பொய் — அதுவும் டாக்டர் பேரச் சொல்லி —

7.8.94, ஞாயிறு

சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "அப்ப குதிக்கலாமா?" அது ஒன்றுதான் கேட்டாள். நின்ற இடத்திலேயே ஒரு குதி. "ஏட்டி, ரெண்டு மாசம்!" என்று கத்தினேன்.

சாப்பிடும்போது மெல்லக் கேட்கிறாள், "ஏம்மா, அந்தக் குச்சி ருசியாவா இருந்துச்சு?"

ருசியாகத்தான் இருந்தது என்று ஒப்புக்கொண்டேன். இருவரும் சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

10.10.94, திங்கள்

முதல் குதி. தலை வாரிவிட்டபோது அரைப்படி மணல் உதிர்ந்தது. முகம் கறுத்துவிட்டது. எனக்கு அழகாகத்தான் தெரிகிறது.

24.1.95, செவ்வாய்

வட்டாரப் போட்டி. லீவு போட்டுவிட்டுப் போனேன். மதினியும் கூடவே வந்துவிட்டார்.

ஒரு மீட்டர் பத்து தாண்டினாள். ஒன்று பதினைந்தில் கம்பை இடறி, கம்போடு சேர்ந்து இடது கை மேலேயே விழுந்தாள். நான் எழுந்தேனா, உட்கார்ந்திருந்தேனா, தெரியவில்லை. மதினி பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது.

தாயி எழுந்தாள். கையை உதறினாள். மணல்தான் உதிர்ந்தது.

இன்னொரு வாய்ப்பு இருந்தது. பிள்ளைகள் எல்லாம் "குச்சி! குச்சி!" என்று கத்தினார்கள். இத்தனை வருடம் நான் காதைப் பொத்திக்கொண்ட சொல். எழுந்து நின்று நானும் கத்தினேன், எல்லாரையும்விட உரக்க. தாண்டிவிட்டாள்!

மூன்றாவது இடம். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். வீட்டுக்கு வந்ததும் அதில்தான் பால் குடித்தாள், மூக்கைப் பொத்திக்கொண்டு.

எனக்குத் தொண்டை கட்டிவிட்டது, ஒரு சொல் வெளியே வரவில்லை. நாளைக்கு மூன்றாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் எழுத்தில்தான்.