வந்துட்டே இருக்காங்க

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். உறையின் மேல் இருப்பது என் கையெழுத்து அல்ல. என்னுடையது என்று தெரிந்தால் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுவாய் என்று நான் வேலை பார்க்கும் ஆம்புலன்ஸின் டிரைவரை எழுதச் சொன்னேன். அவரைப் பொறுமை அண்ணன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பேருக்கும் ஆளுக்கும் ஒட்டும் கிடையாது உறவும் கிடையாது. உன் முகவரியை எழுதி முடிப்பதற்குள் இரண்டு பேனாக்களைத் திட்டித் தீர்த்துவிட்டார். ஏமாற்றித்தான் பிரிக்க வைத்திருக்கிறேன், கோபித்துக்கொள். ஆனால் பிரித்ததுதான் பிரித்தாய், கடைசி வரை படித்துவிடு.

வேறு வழி எதையும் நீ எனக்கு வைக்கவில்லை. என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். பொறுமை அண்ணன் தன் போனிலிருந்து கூப்பிட்டு, "ஆம்புலன்ஸ்லேருந்து பேசறேம்மா" என்று ஆரம்பித்ததுமே வைத்துவிட்டாய். "உன் தங்கச்சிக்கு உன்ன விட ரோஷம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு, பேப்பரும் பேனாவும் அவரே வாங்கி வந்து கொடுத்தார்.

அம்மா நன்றாக இல்லை, குட்டி. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் உன்னிடம் பேசுகிறாளே, கவனித்திருக்கிறாயா? "சாப்பிட்டியா. வேலை எப்படி. சரி வெக்கறேன்." கோபம் என்று நினைத்திருப்பாய், அல்லது வயதாகிவிட்டது என்று. நான் ஒரு நோயாளி பக்கத்தில் போய் மண்டியிட்டதும் முதலில் பார்ப்பது, ஒரே மூச்சில் அவரால் எத்தனை வார்த்தை பேச முடிகிறது என்பதைத்தான். முழு வாக்கியம் வந்தால் கொஞ்சம் நிதானம் இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒருமுறை நின்றால் ஓட வேண்டும். அம்மா அங்கே வந்து நிற்கிறாள். உனக்குத் தெரியக்கூடாது என்று, பேசுவதற்கு முன்னால் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அது தீர்வதற்குள் போனை வைத்துவிடுகிறாள். கணக்கு டீச்சர் அல்லவா, கணக்காகத்தான் பேசுகிறாள். போனை வைத்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். நான் பக்கத்தில் போனால் முறைப்பாள்.

இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிப்போய்விட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது. தலையணைகளை அடுக்கி அதில் சாய்ந்துதான் தூங்குகிறாள். கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. மாத்திரையால் தள்ளிப் போடலாம், தீர்க்க முடியாது, ஆபரேஷன்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது செய்தால் நல்ல வாய்ப்பு இருக்கிறது, இன்னொரு முறை மூச்சுத் திணறி மயக்கத்தில் கொண்டுவந்தால் தன்னால் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். படுக்கை தயாராக இருக்கிறது. கையெழுத்து மட்டும் அம்மா போட வேண்டும். அம்மா மாட்டேன் என்கிறாள். உன்னிடம் சொன்னால் தன் மூஞ்சியில் முழிக்கக்கூடாது என்று என் வாயையும் கட்டிவிட்டாள். முழிக்காவிட்டால் போகிறது, அவள் இருந்தால் போதும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஏன் மாட்டேன் என்கிறாள் என்று கேட்பாய். நானும் கேட்டேன், கெஞ்சினேன், கத்தினேன். ஒருநாள் நிதானமாகச் சொன்னாள்: "வேல முடிஞ்சு வந்து நீ குழாயடியில எவ்ளோ நேரம் நிக்கறேங்கறத வெச்சே அன்னிக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியும். நீ கூட்டிட்டுப் போனதுல பொழச்சு வந்தவங்க ஒருத்தர எனக்குக் காட்டு. அப்பறம் வரேன்." வகுப்பிலும் இப்படித்தானே, விடை மட்டும் எழுதினால் மார்க் கிடையாது, வழியைக் காட்டு என்பாள்.

என்னால் ஒருவரையும் காட்ட முடியவில்லை. எங்கள் வேலை அப்படி. மாடிப்படியில் இடுப்பு ஒடியத் தூக்கி இறக்குவோம், "இவ்ளோ லேட்டா வரீங்க" என்று பானட்டைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஏற்றுவோம், வழியெல்லாம் நெஞ்சை அழுத்துவோம். ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு வாசலில் நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் துடைக்கும்போதே அடுத்த அழைப்பு வந்துவிடும். அந்தக் கதவுக்கு உள்ளே என்ன ஆனது என்று எங்களுக்கு யாரும் சொல்வதில்லை. சாப்பாட்டைப் பாதியில் மூடி வைப்பது பழகிவிட்டது. இதுவும் பழகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன், அம்மா கேட்கும் வரை.

நடுவில் என் பயத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் டியூட்டிக்குப் போகும் நேரத்தில் கீழ்வீட்டு அக்கா அவ்வப்போது வந்து அம்மாவை எட்டிப் பார்க்கிறார். அது போதாது என்று அவருக்கும் தெரியும். வயர்லெஸ் ஒவ்வொரு முறை கரகரக்கும்போதும் நம் தெருப் பெயரைச் சொல்லிவிடுவார்களோ என்று காதைத் தீட்டிக்கொள்கிறேன். ஒருமுறை கேட்டாயிற்று. அப்பா விழுந்த அன்று அந்தப் பெயரையும் கதவு எண்ணையும் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்டவள் நான். நம் வீட்டுக்கு அடுத்த தெருவில்தான் எங்கள் வண்டி இருந்தது. ஆனால் வண்டிக்குள் ஒரு குடிகாரர், விழுந்து புருவம் கிழிந்தவர். ஏற்றிய நோயாளியை நடுரோட்டில் இறக்கக்கூடாது என்பது சட்டம். பொறுமை அண்ணன் வண்டியை ஓரம் கட்டி என் முகத்தைப் பார்த்தார். நான் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். மறுபடி மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. கேட்டதெல்லாம் கேட்டாயிற்று, நீயும் கொடுக்கவில்லை.

ஆனால் நீ சொன்ன ஒன்று எனக்குள் இன்னும் இருக்கிறது. எங்களுக்குப் பதிலாக அனுப்பிய வண்டி ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டிருக்க, நீ ஒரு கையில் அப்பாவையும் ஒரு கையில் போனையும் பிடித்துக்கொண்டிருந்தாய். கன்ட்ரோல் ரூம் பெண், "வண்டி வந்துட்டே இருக்கு, வந்துட்டே இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். அப்பாவின் காரியம் எல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும் முன் சமையலறையில் நின்று, "அந்த வார்த்தைய இனிமே என் காதுல விழ விடாத" என்றாய். குட்டி, நான் அந்த வார்த்தையைத் தினமும் சொல்கிறேன். பயிற்சியில் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடக்கிறவர்கள் மருந்தைக் கேட்பதில்லை, வலியைக்கூட அதிகம் சொல்வதில்லை. கண் யாரையோ தேடும். "உங்க பையன் வந்துட்டே இருக்கார்", "உங்க பொண்ணு வந்துட்டே இருக்காங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடும். யார் வருகிறார்கள், யாராவது வருகிறார்களா என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்?

அம்மா கேட்டதற்காக ஆள் தேடிப் புறப்பட்டேன். நோயாளி வீட்டுக்குப் போகக்கூடாது, மேலதிகாரிக்குத் தெரிந்தால் தொலைந்தேன். பரவாயில்லை என்று லீவு நாளில் போனேன். நெஞ்சுவலி வந்த ஒரு தச்சரை நன்றாக ஞாபகம் இருந்தது. வண்டியிலிருந்து கீழே இறக்கும்போது என் கையை அழுத்தினார், அதனால் பிழைத்திருப்பார் என்று நம்பிக்கை. கதவைத் திறந்த அவர் மனைவி என்னைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள் போய்விட்டாராம். "அந்த மூணு நாள் நீங்க குடுத்ததும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எதற்காக வந்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. தெருமுனை வரைக்கும் அழாமல் வந்தேன், அதற்குமேல் முடியவில்லை.

இரண்டாவதாக ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் போனேன். அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர், பாடம் நடக்கும்போதே சாய்ந்து, மூச்சு நின்று, மைதானத்திலேயே ஷாக் கொடுத்து மீட்ட ஆள். கேட்டுக்குள் நுழைகிறேன், யாரையோ "கிளட்ச்சு! கிளட்ச்ச மிதிக்காம கியரப் போட்டா எப்பிடிம்மா!" என்று கத்திக்கொண்டிருக்கிறார். முழு வாக்கியம், நடுவில் நிற்காமல், நாலு தெருவுக்குக் கேட்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாளே வீட்டுக்கு வந்தார், தானே ஓட்டிக்கொண்டு. அம்மா எதிரில் உட்கார்ந்து என்னைப் பற்றிப் புகார் சொன்னார். விலா எலும்பில் இரண்டை உடைத்துவிட்டேனாம், தும்மினால் இன்னும் வலிக்கிறதாம். எங்கள் வண்டி இன்டிகேட்டர் போடாமல் திரும்பியதாக விசாரித்துத் தெரிந்துகொண்டாராம். அப்புறம் சொன்னார்: "வண்டியில ஒண்ணுமே தெரியல டீச்சர். 'உங்க பையன் வந்துட்டே இருக்கான்'னு உங்க பொண்ணு சொன்னது மட்டும் காதுல விழுந்துது. எனக்குக் கல்யாணமே ஆகல. யார்றா அது, வரட்டும், மூஞ்சியப் பாத்துட்டுப் போலாம்னுதான் தாங்கிட்டிருந்தேன்." அம்மா சிரித்தாள். அப்பா போனபின் அவள் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கி, நான் பயந்துபோய் முதுகைத் தடவ வேண்டியதாகிவிட்டது. இனி ஒத்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவர் போனதும், "நல்ல மனுஷன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த நாள் காலை தலை வாரிக்கொண்டிருந்தவள் சீப்பைக் கீழே போட்டாள். ஓடிப் போய்ப் பார்த்தால் உதடு நிறம் மாறியிருக்கிறது, மூச்சு இழுக்கிறது, நெற்றியெல்லாம் வேர்வை. நிமிர்த்தி உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டு, ஜன்னலைத் திறந்து, மணிக்கட்டைப் பிடித்தேன். வண்டிக்குச் சொல்லப் போனை எடுத்தால், கையைத் தட்டிவிட்டாள். கண் அறை முழுக்கத் தேடியது. "குட்டி?" என்றாள்.

என் வாய் சொல்லிவிட்டது. நினைத்துச் சொல்லவில்லை, சத்தியமாக. "வந்துட்டே இருக்காம்மா."

மூச்சு மெல்ல மெல்ல இறங்கியது. கொஞ்சம் தெளிந்ததும் என்னையே பார்த்தாள். முந்தின நாள்தானே மாஸ்டர் வாயால் கேட்டிருக்கிறாள். "இது எல்லார்ட்டயும் சொல்றதா. எனக்குச் சொல்றதா" என்று விட்டு விட்டுக் கேட்டாள். வகுப்பில் நோட்டை நீட்டிக்கொண்டு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றேன். "உனக்குச் சொல்றதும்மா" என்றேன்.

"அப்ப சரி. அவ வரட்டும். வந்ததும் கையெழுத்துப் போடறேன்" என்றாள்.

இதுதான் அவள் மனதில் இருந்தது. பிழைத்தவரைக் காட்டு என்றதெல்லாம் சும்மா, எனக்குக் கொடுத்த வீட்டுப்பாடம். உன்னைப் பார்க்காமல் அந்தக் கதவுக்கு உள்ளே போக அவளுக்குப் பயம். உன்னை வா என்று கூப்பிட ரோஷம். நம் இரண்டு பேருக்கும் அது எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? டாக்டர் மாத்திரையைக் கூட்டியிருக்கிறார். எத்தனை நாள் தாங்கும் என்று கேட்டேன், மருந்துச் சீட்டை என் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நானும் பலரிடம் அப்படி நழுவியிருக்கிறேன், அதனால் அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும்.

உன் வேலை, உன் லீவு எல்லாம் தெரியும். என்னோடு நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். நீ இருக்கும் அறைக்கு நான் வரமாட்டேன், சமையலறையில் இருந்துகொள்கிறேன். ஸ்டேஷனுக்குப் பொறுமை அண்ணன் வருவார். சைரன் போட்டுக்கொண்டு வராமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. அப்பாவுக்காக என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறுத்துக்கொள், அதற்கு அவசரமில்லை, வாழ்நாள் இருக்கிறது. அம்மாவுக்கு இல்லை.

இந்தக் கடிதத்தைக் கூரியரில் போடுகிறேன். இன்று காலை டியூட்டிக்குக் கிளம்பும்போது, தலையணையில் சாய்ந்தபடி அம்மா கேட்டாள்: "எங்க வந்துட்டிருக்காளாம்?" பாதி வழி தாண்டிவிட்டாய் என்று சொல்லியிருக்கிறேன். புடவை மாற்றிவிடச் சொன்னாள், மாற்றிவிட்டேன். வாசல் பக்கம் முகம் இருக்கிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போடச் சொன்னாள், போட்டிருக்கிறேன்.

நீ இதைப் படிக்கும்போது இன்னும் செருப்புக்கூடப் போட்டிருக்க மாட்டாய். கிளம்பு, குட்டி. பத்திரமாக வந்து சேர்.

உன்
அக்கா