கியர் வேண்டாம் என்ற தீர்மானம்

12-6-1956, செவ்வாய். சோழவரம்.

இன்று முற்பகல், குடும்பத்துப் பெரியவர்கள் அனைவரும் கூடியிருக்க, என் புது சைக்கிளுக்குக் கியர் வேண்டாம் என்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. மிதிக்கப்போகிறவளுக்கு ஓட்டு இல்லை.

"நான் தங்கப்போற சித்தி வீடு அடிவாரத்துல, காலேஜ் மலைமேல. காலையில எட்டு மணிக்கு கேட்டை மூடிடுவாங்க மாமா," என்றேன்.

"மூடினா இன்னா? நான் இத்தினி வருசமா கியர் வச்சிக்கினா ஓட்டறேன்? பொம்பளப் புள்ளைக்கு அதெல்லாம் பேஜாரும்மா," என்றார் மாமா. அவர் அறிந்த மலை எங்கள் ஏரிக்கரை ஒன்றுதான்.

அப்பா தலையாட்டினார். அவருக்கு வேறு வேலை தரப்படவில்லை. பல்லைக் கடித்துக் கடித்து எனக்கு இன்னும் தாடை வலிக்கிறது.

சாயங்காலம் கியர் இல்லாத சைக்கிள் வந்தது. ஓட்டிப் பார்க்கிறேன் என்று மாமாவே ஏரிக்கரை ஏறினார். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்.

ஆனாலும் அதே சைக்கிளைச் சித்தி ஊருக்கு அனுப்ப நாளைய ரயிலுக்குப் பதிவு செய்தாகிவிட்டது.