காய் நூடுல்ஸும் என் கல்லீரலும்

மார்ச் 4
டாக்டர் படத்தைக் காட்டினார். என் கல்லீரல் முழுக்கக் கொழுப்பாம். "இந்த ஈரல்ல ஒரு பங்கை வெட்டி உங்க தங்கச்சிக்கு வைக்க முடியாதுங்க. கொழுப்பைக் குறைச்சுட்டு வாங்க." வேறு யாருடையதும் அவளுக்குப் பொருந்தவில்லை. சோறு, ரொட்டி, கிழங்கு எதையும் தொடக் கூடாது. பேக்கரியில் மாவு பிசைகிறவனிடம் போய் மாவுச்சத்தை விடு என்கிறார்கள். அழுவதா சிரிப்பதா?

மார்ச் 5
காய் நூடுல்ஸ் செய்யச் சொன்னார்கள். சுக்கினி என்று ஒன்று, வெள்ளரிக்காய்க்குத் தம்பி மாதிரி. பென்சில் சீவுவதுபோல் கருவியில் திருகினால் நூல் நூலாக வருகிறது. வாணலியில் போட்டதும் குளமாகிவிட்டது. நான் தனிக்கட்டை, கேலி செய்யவும் ஆள் இல்லை. கரண்டியால் குடித்தேன்.

மார்ச் 9
உப்புப் பிசறி, துணியில் கட்டிப் பிழிந்து, பூண்டும் மிளகும் போட்டு வதக்கினேன். இன்று உதிரி உதிரியாக வந்தது. மூன்று வேளையும் இனி இதுதான்.

மார்ச் 16
பசி.

மார்ச் 24
மறுபடி ஸ்கேன். கொழுப்பு இறங்கவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலிலேயே மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், கேட்டுவிட்டார். "மறைவா ஏதாச்சும் திங்கிறீங்களா மச்சான்? உள்ளதைச் சொல்லுங்க."
சத்தியம் செய்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
ஒரு துண்டு ரொட்டிகூடத் தொடலையே! கூடப் பிறந்தவளுக்கு நான் துரோகம் பண்ணுவேனா? யாருகிட்ட போய்ச் சொல்லி அழறது?

மார்ச் 25
அவள் கண் மஞ்சளாகிவிட்டது. கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ரொம்ப நாள் தாங்காது என்கிறார் டாக்டர். நானே அவளைக் கொல்கிறேனா?

மார்ச் 27
இனிமேல் தன் வீட்டில்தான் நான் சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். காவலாம். சுருக்கென்று இருந்தது. ஆனாலும் போனேன். தங்கை சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பிழிந்த காயை மேடையில் பரப்பினேன்.
"அண்ணா, உன் கை என்ன பண்ணுது பாரு."
பார்த்தேன். என் வலது கை மைதா டப்பாவுக்குள் இருந்தது.
ஈரமாக எதைக் கண்டாலும் மாவு தூவிப் பழகிய கை. ஒட்டாமல் இருக்க ஒரு பிடி, ஈரம் இழுக்க இன்னொரு பிடி. என் வீட்டிலும் இத்தனை நாளாக இதைத்தான் செய்திருக்கிறேன், வேளை தவறாமல். எனக்கே தெரியவில்லை. உதிரி உதிரியாக வந்ததே, அது இந்த லட்சணத்தில்தான்.
தங்கை விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை. டப்பாவைத் தூக்கி அலமாரி உச்சியில் வைத்தார். எனக்குச் சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. போன நாளெல்லாம் போனதுதானே? யார் திருப்பிக் கொடுப்பார்கள்?

ஏப்ரல் 2
மாவு இல்லாமல் நூடுல்ஸ் பாசி மாதிரி வழவழவென்று இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு விழுங்குகிறேன். மாப்பிள்ளை எதிரில் உட்கார்ந்து அதையே சாப்பிடுகிறார். அன்றைக்குச் சந்தேகப்பட்டுக் கேட்டதற்கு மன்னிப்பெல்லாம் கிடையாது, தட்டை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்.

ஏப்ரல் 8
அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று. என்னைப் பார்த்து "அப்பா, எப்ப வந்தே?" என்றாள். அப்பா போய் எத்தனையோ வருஷமாகிறது. நினைவு தடுமாறுகிறதாம். "இப்பதான்மா" என்றேன். வேறென்ன சொல்ல?
இறங்கித் தொலையேன், சனியன் பிடிச்ச கொழுப்பே. கடவுளே, என்னை எடுத்துக்கோ, அவளை விடு.

ஏப்ரல் 17
ஸ்கேன். கொழுப்பு இறங்கிவிட்டது, போதும் என்று டாக்டர் தலையசைத்தார். நாளைக் காலையிலேயே ஆபரேஷன். என்னை வீட்டுக்கே விடவில்லை. அவள் கண் திறக்கவில்லை. தாங்குவாளா?

ஏப்ரல் 24
உட்கார முடிகிறது. பேனாவை நகர்த்தினாலே தையல் இழுக்கிறது. இத்தனை நாளும் அவளைப் பற்றிக் கேட்டால், டாக்டர் "பாக்கலாம்" என்பதோடு சரி.
மாப்பிள்ளை வந்து கட்டிலோரம் நின்றார். வாய் கோணுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது.
"என்ன மாப்பிள்ளை? சொல்லித் தொலைங்க!"
"பசிக்குதாம் மச்சான். ஏன் இன்னும் ஒண்ணும் குடுக்கலன்னு என்னை அதட்டறா."
நான் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன்.